காயிப் தொழுகைக்குச் சம்மதிக்காதவள்

புத்தளத்து உப்பளக் காவல்காரர் சாஹுல் ஹமீதுக்குக் கோலாலம்பூரில் ஜனாஸாத் தொழுகை ஆயத்தமாகிக்கொண்டிருந்தது. இறந்தவரின் மையித்து முன்னால் இல்லாமல் தொழுகிற காயிப் தொழுகை. பின்னேரத்து அஸர் தொழுகைக்குப் பிறகு என்று நேரமும் குறித்தாயிற்று. சம்மதிக்காதவள் ஒருத்திதான், அங்கே படிக்கும் அவர் மகள் நஸ்லா.

புயலடித்து மூன்று நாள். வாப்பாவின் போன் செத்துக் கிடந்தது. உம்மா மௌத்தான பிறகு அவளுக்கு இருந்தது அந்த மனிதர் ஒருவர்தான். வகுப்பை விட்டுவிட்டு முகநூலே கதியென்று கிடந்தாள். போன வருஷத்து வெள்ளத்தை இன்றைய வெள்ளமென்று விற்கிற புண்ணியவான்கள் அங்கே எத்தனை பேர்! கடைசியில் வந்து விழுந்தது ஒரு படம். தண்ணீருக்குள் உப்புக் குவியல்கள், மேலே ஒரு வரி: ‘புத்தளம் உப்பளத்தில் காவலுக்கு நின்ற ஒருவரும் மிஞ்சவில்லை.’ ஆயிரம் பேர் பகிர்ந்திருந்தார்கள். அங்கே படிக்கும் ஊர் மாணவர்களுக்குத் தொழுகை வைக்க அதுவே போதுமாயிருந்தது.

“மனசத் தேத்திக்க தங்கச்சி,” என்றான் அவர்களில் மூத்தவன் ஹில்மி.

“ஹில்மி நானா, இந்தப் படத்துல குவியல என்னத்தால மூடியிருக்கு?”

“கறுப்புப் பொலித்தீன்.”

“எண்ட வாப்பா பொலித்தீன் போட மாட்டார். தொண்ணூறில எங்கட ஆக்கள மன்னார்ல இருந்து துரத்தின நேரம் வந்த மீன்காரர் அவர். தென்னங்கிடுகு வேஞ்சு, அதுக்கு மேல பழைய வலய இழுத்துக் கட்டுவார். முதலாளி சிரிச்சாலும் கட்டுவார். இது அவர்ட உப்பளமில்ல.”

“வேற உப்பளமெண்டாலும் வெள்ளம் ஒண்டுதானே?”



“அப்ப படத்துக்குத் தொழுங்க. எண்ட வாப்பாக்குத் தொழ விடமாட்டன்!” தொழுகை அறை வாசலிலேயே குந்திவிட்டாள்.

குந்தியபடியே தேடினாள். இப்போது அவள் தேடியது வாப்பாவின் முகத்தை அல்ல, வலையை. நாற்பதாவது வீடியோவோ ஐம்பதாவதோ, புத்தளத்துக்கு அடுத்த கற்பிட்டிப் படகுக்காரர் ஒருவர் போட்டது. பாதி கரைந்த ஒரு குவியல், அதன்மேல் வலை, வலையைப் பிடித்துத் தொங்கும் மூன்று பேர். முகம் தெரியவில்லை. கீழே தன் போன் இலக்கத்தைப் போட்டு, “இந்த ஆக்கள் எங்க? எண்ட வாப்பாக்கு இங்க ஜனாஸாத் தொழப் போறாங்க,” என்று கேட்டாள்.

அஸர் பாங்குக்குக் கொஞ்சம் முந்தி, படகுக்காரரின் போனிலிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. நஸ்லா ஓவென்று அழுதாள். அழுது முடித்து, ஆயிரம் பேர் பகிர்ந்த அந்தப் பதிவின் கீழேயே அதைப் போட்டாள்.

“ஆருடா எனக்குத் தொழுறது? எண்ட வலையப் பாத்துச் சிரிச்ச முதலாளியும் அதுலதான்டா தொங்கினார்!”

அதன் மேலே ஒரேயொரு வரி எழுதினாள்: ‘மையித்துக் கதைக்குது, கேளுங்க.’