லாலாகுடாவில் நான் சிரித்தது

2008 ஆகஸ்ட், ஒரு சனிக்கிழமை, காலை 9:40. உப்பலிலிருந்து லாலாகுடாவுக்கு ஆட்டோ. ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர், பேரம் பேசி அறுபது ரூபாய். உடன் வந்தவர் இத்ரிஸ். சூடானிலிருந்து எம்.எஸ்ஸி. படிக்க வந்தவர், எனக்கு மேல் மாடியில் அறை. அந்த அறையை மறுநாள் பகல் பன்னிரண்டுக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள் அவரை. காரணம் கேட்டால் 'அக்கம்பக்கத்தில் பிடிக்கவில்லை.'

நான் மூன்று மாதமாக நிறவெறியைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். அபிட்ஸ் நடைபாதைப் பழைய புத்தகக் கடைகளில் ஞாயிறுதோறும் தேடி வாங்கிய நான்கு புத்தகங்கள், பக்கத்துக்குப் பக்கம் அடிக்கோடு. லாலாகுடாவில் ஒரு வீடு வாடகைக்கு இருக்கிறது, வீட்டுக்காரர் தமிழர் என்றதும், நான் பேசினால் முடிந்துவிடும் என்று நம்பினேன். "நீங்கள் பேச வேண்டாம்" என்று இத்ரிஸிடம் சொல்லியும் வைத்தேன்.

10:15. வீட்டுக்காரர் செல்வராஜ், ரயில்வே பட்டறையில் ஓய்வு பெற்றவர். இருவரையும் பார்த்தார், என்னிடம் மட்டும் பேசினார்.

"வீடு உங்களுக்கா தம்பி?"

"இவருக்கு சார். நல்ல பையன், நான் பொறுப்பு."

"நக்கோ தம்பி, வேணாம். கரண்ட் போச்சுன்னா படியில ஆள் நிக்கிறதே தெரியாது, வீட்டம்மா பயந்துக்கும். உங்களுக்குன்னா சொல்லுங்க, இப்பவே சாவி தரேன்."

நான் சிரித்தேன். மனிதர் முகம் கோணாமல் இருந்தால் இன்னும் கொஞ்சம் பேசிப் பார்க்கலாமே என்றுதான். பேசியும் பார்த்தேன், பலனில்லை.

திரும்பும் ஆட்டோவில் இத்ரிஸ் ஆங்கிலத்தில் கேட்டார்: "என்ன சொன்னார்?"

"வேறு யாருக்கோ கொடுத்துவிட்டாராம்."

"அதற்கா சிரித்தீர்கள்?"

பாதி வழியில், தார்நாகாவில் இறங்கிக்கொண்டார்.

எங்கள் திருநெல்வேலியில் கல்யாண வீடுகளில், "லைட்டப் போடுங்கப்பா, இவன் எங்க நிக்கான்னு தெரியல" என்று என்னைக் காட்டிச் சொல்வார் சித்தப்பா. எல்லோருக்கும் முன்னால் நான் சிரித்துவிடுவேன். அடிக்கோடிட்ட எந்தப் பக்கத்திலும் அது நினைவுக்கு வந்ததில்லை.

ஞாயிறு 10:30. மறுபடி லாலாகுடா, பேருந்தில், தனியாக.

"சாவிக்கு வந்தீங்களா?"

"இல்ல சார். நேத்து நீங்க அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. நானும் சிரிச்சிருக்கக் கூடாது."

"இதச் சொல்லவா இம்மாந்தூரம் வந்தீங்க?" செய்தித்தாளை விரித்துக்கொண்டார்.

பேருந்து தாமதம். 12:25க்கு உப்பல் சேர்ந்தேன். மேல் அறை பெருக்கித் துடைத்துத் திறந்து கிடந்தது. மூன்று பெட்டியையும் மெத்தையையும் ஒற்றை ஆளாகவே இறக்கினார் என்றாள் எதிர்வீட்டுப் பெண். எங்கே போனார் என்று அவளுக்குத் தெரியவில்லை. "உங்க கதவத் தட்டிப் பாத்தாரு," என்றாள், "ரெண்டு தடவ."