பெட்டி டீச்சர் டிக் அடித்த பாடம்

விமானிகள் அவளைப் பெட்டி டீச்சர் என்பார்கள். இரும்புக் கால்களில் நின்று ஆடும் சிமுலேட்டர் பெட்டிக்குள் பதினோரு வருடமாக அவர்களுக்குப் பயிற்சி கொடுத்து வந்தாள். ஒரு காலத்தில் அவளும் பறந்தவள்தான். காது பழுதாகி, மருத்துவர்கள் தரையிறக்கிவிட்டார்கள்.

வருகிறவர்களை அசத்த அவளிடம் ஒரு வித்தை இருந்தது. "கைப்பிடியைக் கடைசி வரைக்கும் இழுங்க சார், பயப்படாதீங்க" என்பாள். பழைய விமானமாக இருந்தால் மூக்கு அளவுக்கு மீறித் தூக்கி, வேகம் செத்து, கல்லாக விழும். இந்தப் புது விமானத்தின் கம்ப்யூட்டரோ விமானி எவ்வளவு இழுத்தாலும் எல்லையைத் தாண்ட விடாது. தலை நரைத்த கேப்டன்கள்கூடக் குழந்தை மாதிரி சிரிப்பார்கள்.

இரண்டாவது பாடம்தான் உயிர்ப் பாடம். வேகத்தை அளக்கும் குழாய்கள் பனியில் அடைத்துக்கொண்டால், கம்ப்யூட்டருக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதைதான். எல்லை காக்கும் வேலையை அது விட்டுவிடும். அப்போது இழுத்தால் விழும். மூக்கைக் கீழே தள்ள வேண்டும். மனசு லேசில் ஒப்பாது. திரும்பத் திரும்பச் செய்தால்தான் கைக்கு வரும்.

அவள் கணவனும் விமானி. வழக்கமாக அவனுக்குப் பயிற்சி தரும் ஆசிரியர் காய்ச்சலில் படுத்துவிட, ஒருநாள் அந்த வேலை அவள் தலையில் விழுந்தது. முதல் பாடம் நடந்தது. இரண்டாவதை நடத்தாமலே பயிற்சித் தாளில் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டாள்.

நாலு மாதம் கழித்து அவன் ஓட்டிய விமானம் கடலில் விழுந்தது. அவனையும் சேர்த்து நூற்றுப் பன்னிரண்டு பேர் இறந்தார்கள். குழாய்கள் உறைந்திருந்தன. எச்சரிக்கை அடிக்க அடிக்க அவன் கைப்பிடியை இழுத்துக்கொண்டே இருந்தான் என்று பதிவுக் கருவி சொன்னது. அறிக்கை எழுதுகிறவர்களுக்கு ஒரு டிக் இருந்தால் போதும், ஆண்டவனே வந்து கையெழுத்துப் போட்ட மாதிரி. பயிற்சி முழுமை, தவறு விமானியுடையது என்று முடித்துவிட்டார்கள்.

மாமியார் வெளியே தலைகாட்டுவதை நிறுத்தினார். "நூறு பேரைக் கொன்னவனைப் பெத்தவ நான்னு பேசறாங்கம்மா. அவ்வளவு சொல்லிக் குடுத்தும் எம்பிள்ளைக்கு ஏறலையா?"

அவள் வாயைத் திறந்தால் வேலை போகும், வழக்கு வரும். திறக்காவிட்டால் அவன் பெயர் காலத்துக்கும் அப்படியே கிடக்கும். மறுநாள் காலை விசாரணை அலுவலகத்துக்குப் போய் நடந்ததை எழுதிக் கொடுத்தாள். நேரே வீட்டுக்கு வந்து மாமியாரிடமும் சொன்னாள்.

மாமியார் கேட்டார். "ஊருக்கெல்லாம் சொல்லிக் குடுத்தியே, அவனுக்கு மட்டும் ஏம்மா குடுக்கல?"

"எங்க ரெண்டு பேர் ஷிஃப்டும் ஒத்தே வராது அத்தை. அவர் வந்தா நான் போயிருப்பேன். அன்னிக்கு மத்தியானம் அவருக்கு ஒரு மணி நேரம் இருந்துச்சு. கேன்டீன்ல ஒண்ணா உக்காந்து சாப்பிடணும்னு ஆசையா இருந்துச்சு. நான்தான் போதும் வாங்கன்னு கூட்டிட்டுப் போனேன். பசி போல, ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாரு அத்தை."