அவர் சொன்னதும் நான் சொன்னதும்

சுவிஸில், லா ஷோ-து-ஃபோன் நகரில் அம்மா வேலை செய்த கைக்கடிகாரத் தொழிற்சாலைக்கு ஜப்பானிலிருந்து ஒரு நடிகை வந்தார். நிறுவனத்தின் புதிய கடிகாரத்துக்கு ஜப்பானிலும் இங்கேயும் அவர்தான் விளம்பர முகம். இரண்டாயிரத்துப் பத்துகளின் நடுப்பகுதி அது. ஜப்பானிய மொழி படித்துவிட்டு நான் வேலையில்லாமல் இருந்தேன். அம்மா தன் மேற்பார்வையாளரிடம் கேட்டு, எனக்கு மூன்று நாள் மொழிபெயர்ப்பாளர் வேலை வாங்கித் தந்தார்.

நடிகைக்கு என் வயதுதான் இருக்கும். அவரை நிர்வகிக்கும் ஏஜென்சி ஒரு மேலாளரை உடன் அனுப்பியிருந்தது. சாம்பல்நிறக் கோட் அணிந்த, குரல் உயர்த்தாத பெண். நடிகையின் கைத்தொலைபேசி அவருடைய கைப்பையில்தான் இருந்தது. மதிய உணவில் நடிகை வெண்ணெய் தடவிய பாண் துண்டுக்குக் கை நீட்டியபோது, மேலாளர் புன்னகையுடன் தட்டை நகர்த்தி வைத்தார். பதினைந்து வயதில் ஏஜென்சியில் சேர்ந்ததாக நடிகை என்னிடம் சொன்னார். இங்கே வருவதற்காக ஆறு மாதம் பிரெஞ்சு படித்ததையும் சொன்னார். மேலாளர் அருகே வந்ததும் கடிகாரத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

இரண்டாம் நாள் பத்திரிகையாளர் சந்திப்பு. மேலாளர் எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தார். உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் ஒருவர், எந்த வேடத்தில் நடிக்க ஆசை என்று சாதாரணமாகக் கேட்டார்.

நடிகை நேராக நிமிர்ந்து ஜப்பானிய மொழியில் பதில் சொன்னார். "மேடை நாடகத்தில் நடிக்க மூன்று வருடமாகக் கேட்கிறேன். ஏஜென்சியில் விடுகிறார்கள் இல்லை. ஒப்பந்தம் முடிந்ததும் விலகிவிடுவேன்."

மேலாளரின் புன்னகை மாறவில்லை. "எந்த வேடமானாலும் மகிழ்ச்சி, மறுபடி சுவிஸுக்கு வர ஆசை என்று சொல்லுங்கள்" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

எதிர்வரிசையில் நிறுவனத்தின் விளம்பரப் பிரிவுத் தலைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மேலாளர் சொன்னதை அப்படியே பிரெஞ்சில் சொன்னேன். எல்லோரும் கைதட்டினார்கள். நடிகை என் பக்கம் திரும்பினார். அவருக்கு விளங்கிவிட்டது. வாயைத் திறந்தார், பிறகு மூடிக்கொண்டு தலை குனிந்து நன்றி சொன்னார்.

அன்று மாலை அம்மா கேட்டார்: "என்ன பிள்ளை, முகம் ஒரு மாதிரி இருக்கு?"

"அவ ஒண்டு சொன்னா. நான் வேறொண்டு சொல்லிப்போட்டன்."

"ஏன்?"

"அந்த மனுசி அப்பிடித்தான் சொல்லச் சொன்னது."

"உனக்கு வாய் இல்லையோ?"

"நீங்கள் அங்கைதானே வேலை செய்யிறியள், அம்மா."

அம்மா சோற்றைப் போட்டுத் தந்துவிட்டுக் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

விடைபெறும்போது நடிகை என்னிடம் பிரெஞ்சிலேயே, "மிக அழகாகப் பேசினீர்கள்" என்றார். அது கோபமா, ஆறுதலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அடுத்த வசந்தத்தில் அவர் சொன்னபடியே விலகினார். சில வாரங்களில் ஏஜென்சியிலிருந்து நிறுவனத்துக்குக் கடிதம் வந்தது. மொழிபெயர்க்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். அவருடைய படங்களை எல்லா இடங்களிலிருந்தும் நீக்க வேண்டும். திரைப்பெயர் ஏஜென்சிக்குச் சொந்தம், அவர் இனி அதைப் பாவிக்க முடியாது. இரண்டு பக்கங்கள், மிகுந்த மரியாதையான மொழியில். ஜப்பானியத் தொலைக்காட்சிகளில் அவரைத் தேடிப் பார்த்தேன். எங்கும் இல்லை. அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது.

சுவரொட்டிகளுக்குப் புதிதாகப் படம் எடுக்க நிறுவனத்துக்கு விருப்பமில்லை. முகத்தை வெட்டிவிட்டு, கடிகாரம் கட்டிய கையை மட்டும் வைத்திருக்கலாமா என்று கேட்டு எழுதச் சொன்னார்கள். எழுதினேன். ஏஜென்சி சம்மதித்தது. அந்தக் கை எங்கள் ஊர் ரயில் நிலைய வெளிச்சுவரில் நீண்ட காலம் தொங்கியது. அம்மா வேலைக்குப் போகும்போது அதன் கீழேதான் பஸ்ஸுக்கு நிற்பார்.

அடுத்த இலையுதிர்காலத்தில் அதே ஏஜென்சி ஒரு பாடகரை அனுப்புவதாக விளம்பரப் பிரிவுத் தலைவி தொலைபேசியில் சொன்னார். போன தடவை நான் நன்றாகச் செய்ததாக மேலாளர் பாராட்டியிருந்தாராம், என்னையே கேட்டிருக்கிறார்களாம். அம்மா சமையலறையிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

காலை எட்டு மணிக்கு வந்தால் போதுமா என்று கேட்டேன்.