மூச்சை நிறுத்தும் மருந்து

புது மருந்தை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது வாய்ச்சவடால் பேசுகிறவனும் தோற்றுப்போகிற தொழில். டாக்டர் அறை வாசலில் பையோடு கால்கடுக்க நின்றவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தொண்ணூறுகளின் கடைசியில், ஆபரேஷனின்போது தசைகளைத் தளர்த்தும் ஒரு மருந்தை மதுரையில் சோதித்தார்கள். அதைக் குளிர்ச்சி கெடாமல் மயக்க டாக்டரம்மாவிடம் சேர்ப்பது என் வேலை.

மீன் ஐஸ்

சமயநல்லூரில் பஸ் படுத்துவிட்டது. பெட்டியில் ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. கண்டக்டரோடு ஒரு சண்டை, மீன்காரரோடு ஒரு பேரம். பாதி விலைக்கு ஐஸ் வாங்கித் திணித்து, லாரி பிடித்து வந்து சேர்ந்தேன். டாக்டரம்மா பெட்டிக்குள் இருந்த தெர்மாமீட்டரைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"மருந்து நல்லாத்தான் இருக்கு. பெட்டியோட தியேட்டருக்குள்ள வந்தா, பேஷண்ட் குழம்பு எங்கன்னு கேப்பாரு."

ஒரே கேள்வி

ஆபரேஷனுக்கு வந்திருந்த ஒச்சப்பன் ஒரு விவசாயி. பித்தப்பையில் கல். சோதனைக்குச் சம்மதம் கேட்கும்போது நான் குறுக்கே புகுந்து, பயமே இல்லை, தூங்கி எழுந்திரிப்பதுதான் என்று கடைவிரித்தேன். டாக்டரம்மா என்னை வெளியே போகச் சொன்னார். நான் வாசலோடு நின்றுகொண்டேன்.

இது இன்னும் சோதனையில் இருக்கிற மருந்து, வேண்டாமென்றால் பழைய மருந்திலேயே ஆபரேஷன் நடக்கும், எதைப் போட்டாலும் மூச்சு நிற்கும், அது திரும்பும்வரை தான்தான் பக்கத்திலிருந்து மூச்சு கொடுக்க வேண்டும் என்று ஒன்றுவிடாமல் சொன்னார். எனக்கு ரத்தம் கொதித்தது. இப்படிச் சொன்னால் எவன் ஒத்துக்கொள்வான்? ஒச்சப்பன் தன் சம்சாரத்தைப் பார்த்தார். அந்தம்மா டாக்டரம்மாவைப் பார்த்துக் கேட்டார்.

"அம்புட்டு நேரம் மூச்சு குடுக்கணும்னா, நீங்க சாப்ட்டு வருவீகளாம்மா?"

தூக்கிய தலை

சம்மதித்துப் புது மருந்து போட்டுக்கொண்ட ஒச்சப்பனுக்கு, ஆபரேஷன் முடிந்தும் அதன் வேகம் இறங்கவில்லை. சோதனையில் மற்றவர்களுக்கு விட்ட நேரத்தில் இவருக்கு விடவில்லை. நான் கம்பெனிக்காரரைப் போனில் பிடித்துக் கத்தினேன். அவர் சம்சாரம் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தேன். டாக்டரம்மா காற்றுப்பையை அமுக்கி அமுக்கி மூச்சு கொடுத்துக்கொண்டிருந்தார். மாற்றிவிட வந்தவரையும் திருப்பி அனுப்பினார். டாக்டரம்மாவின் மத்தியானச் சாப்பாடு வெளி அறை மேசையில் ஆறிக் கிடந்தது.

மெல்ல மெல்ல மூச்சு தானாக வந்தது. குழாயை எடுத்து ஒச்சப்பனை வெளியே கொண்டுவந்தபின், தெம்பு முழுக்கத் திரும்பியதா என்று பார்க்கத் தலையைத் தூக்கச் சொன்னார். ஒச்சப்பன் தூக்கினார். டாக்டரம்மா அந்தம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்துவிட்டார். அங்கே தூக்கிய தலை தூக்கியபடியே நின்றது.

"எறக்கவா வேணாமாம்மா? கழுத்து வலிக்குது."

கறிவேப்பிலைக்கும் பேரம் பேசுகிற நான், அன்று டாக்டரம்மாவுக்கு இட்லி வாங்கப் போய், கடைக்காரர் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு வந்தேன்.