அப்பா ஊற்றிய தண்ணீர்

மகளின் மீன்தொட்டிக்காகக் குழாயைத் திறந்தபோது எழுந்த குளோரின் வாசம், சிறுவயதில் நாங்கள் வந்து குடியேறிய கிரான்பர்னில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கிடந்த சதுப்புக்கு என்னைக் கொண்டுபோனது. இப்போது அங்கே ஒரே மாதிரிக் கூரைகளோடு வீடுகள் நிற்கின்றன. மழை நாட்களில் தந்தியைச் சுண்டியதுபோலத் தவளைகள் 'பொங்க்' என்று குரல் கொடுக்கும் அந்தத் தண்ணீர் கோடையில் நாளுக்கு நாள் சுருங்கும், ஓரத்துச் சேறு அப்பளம்போல வெடித்து மடங்கும், யாபி என்னும் நன்னீர் இறால்கள் ஈரம் தேடி மண்ணுக்குள் துளைத்து இறங்கிவிடும், அவற்றின் வளைவாசல்களில் சேற்று உருண்டைகள் சிறு கோபுரங்களாகக் காயும். கால் முளைத்த தவளைக்குஞ்சுகள் கரையேறிவிடும். கால் முளைக்காத வாற்பேத்தைகள் மட்டும் நடுவில் மிஞ்சிய தாச்சிச்சட்டியளவு தண்ணீரில் நெளிந்துகொண்டிருக்கும்.

ஒரு வருடம் அதைப் பார்த்து நான் அழுதேன். யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரில் வளர்ந்த அப்பா, "அழாதை பிள்ளை, தண்ணிதானே வேணும், நான் விடுறன்," என்று வேலையால் வந்த களைப்போடு குழாய்த் தண்ணீரை வாளி வாளியாகச் சுமந்து ஊற்றினார். மறுநாள் காலை அத்தனையும் வெள்ளை வயிறு காட்டி மிதந்தன. குளோரின்தான் கொன்றது என்பதைப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை சொல்ல, வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். பிறகும் ஒருநாளும் அதைப்பற்றிப் பேசியதில்லை.

குளோரின் போகட்டும் என்று மீன்தொட்டிக்குத் தண்ணீர் பிடித்த வாளியை வெயிலில் வைத்துவிட்டு நிமிர்ந்தேன். கதிரையில் இருந்த அப்பா வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, நாளைக்குத்தானே ஊத்துவாய்?"