வீட்டு நேரம்

மூக்கில் விமான எண்ணெய் வாசம், கையில் கலியாண வேட்டிப் பொதி... கொழும்பு இரத்மலானை விமான நிலையத்தில் என்னைத் தராசில் ஏற்றி நிறுத்தார்கள். சின்ன விமானம் என்பதால் ஆளையும் நிறுத்துத்தான் ஏற்றுவார்கள்.

அந்தப் பயணத்துக்காக, முந்தின முறை ஊருக்கு வந்தபோதே, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி ரிக்கற் கடை மாலினி அக்காவோடு ஒரு சண்டையே பிடித்திருந்தேன்.

வேலை கொழும்பில், ஊர் பண்டத்தரிப்பு. சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு ஊர்க் கோயிலில் எனக்குக் கலியாணம். மனேச்சரோ வெள்ளிக்கிழமை லீவு தரமாட்டேன் என்றுவிட்டார்.

"சனி விடிய பிளைற்றைப் போடுங்கோ அக்கா. ஒரு மணித்தியாலந்தானே, ஏழு மணிக்குப் பலாலியிலை நிப்பன்."

"பலாலியிலை நிப்பியள். பொம்பிளை பண்டத்தரிப்பிலையெல்லோ இருப்பா?"

அக்காவுக்கு ஒரு பழக்கம். ரிக்கற் உறையில் விமானம் இறங்கும் நேரத்துக்குக் கீழே, சிவப்புப் பேனையால் 'வீட்டு நேரம்' என்று ஒன்று எழுதுவார். வட்டுக்கோட்டை ஆளுக்கு ஒரு நேரம், பண்டத்தரிப்பு ஆளுக்கு இன்னொரு நேரம்.

பலாலி விமான நிலையத்திலிருந்து எங்கள் ஊர் சைக்கிளில் போகிற தூரம்தான். ஆனால் பலாலி இராணுவத்தின் கையில் இருந்த அந்தச் சண்டைக் காலத்தில் இறங்கியவுடன் வெளியே வர முடியாது. பொதிகளைச் சோதித்து, பஸ் நிறையும்வரை இருத்தி, யாழ்ப்பாண நகரத்தில் கொண்டுபோய் விடுவார்கள். அங்கிருந்து வேறு பஸ் பிடித்து வந்த பக்கமே திரும்ப வேண்டும்...

"உங்கடை கலியாணத்தைக் குழப்பிற ரிக்கற்றை நான் எழுதமாட்டன் தம்பி" என்று வெள்ளிக்கிழமைக்கே எழுதித் தந்தார். உறையில் இறங்கும் நேரம் காலை 7.00, கீழே வீட்டு நேரம் பகல் 1.15.

எனக்குச் சரியான கோபம். மனேச்சரிடம் பேச்சு வாங்கி, சம்பளமில்லாத லீவில்தான் புறப்பட்டேன். வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டு வாசல் படலையைத் திறந்தபோது மணி ஒன்று பத்து.

சனிக்கிழமை விடியவே மழை. தாலி கட்டி, சாப்பிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு இருக்கும்போதுதான் மேலே சத்தம் கேட்டது. நான் கேட்ட அந்தக் காலை விமானம், மழையால் பிந்தி அப்போதுதான் இறங்க வருகிறது! பக்கத்தில் இருந்தவளின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த கிழமை பலகாரத்தோடு அக்காவிடம் போனோம். நன்றி சொல்ல வாயெடுத்தேன். அவர் ஒரு கொப்பியை விரித்துக்கொண்டு கேட்டார்: "எத்தினை மணிக்குத் தம்பி படலை திறந்தனீங்கள்?"

போய் வந்த எல்லாரிடமும் இப்படிக் கேட்டுக் கேட்டு எழுதிச் சேர்த்த கணக்கு அது! இன்றுவரை அப்படி வேலை செய்கிற ஒருவரை நான் கண்டதில்லை.

இப்போது பலாலியில் இறங்கினால் நேரே வீட்டுக்கு வரலாம். எந்த விமானம் எங்கே பறக்கிறது என்று போனே காட்டுகிறது. படலை திறக்கும் நேரத்தை மட்டும் அது சொல்வதில்லை.

போன மாதம் சென்னையிலிருந்து மகள் வந்தாள். மாலினி அக்காவை அவள் கண்டதேயில்லை. ஏறுவதற்கு முன் மெசேஜ் போட்டிருந்தாள்:

"பலாலி 12.10. வீட்டு நேரம் 1.30. அம்மாவை அதுக்குப் பிறகு மீன் பொரிக்கச் சொல்லுங்கோ."