யானை துரத்தாமல் ஓடியவள்

ஓடுவதற்கு நல்ல ஷூ வாங்கினால் போதும் என்று நினைத்திருந்தேன்.

இன்று காலை எங்கள் மூணாறு எஸ்டேட் ரோட்டில், துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, பழைய சுடிதாரில் ஓடினேன். கொழுந்தெடுக்கப் போகும் பெண்களோடு எதிரே வந்த ஜீப் சட்டென்று நின்றது. ஓட்டியவர் பக்கத்து லயத்து வீட்டுவரிசையில் குடியிருக்கும் முருகண்ணன்.

"ஏறு தங்கச்சி. ஆனை எங்கன நிக்குது?"

நான் பதில் சொல்வதற்குள் ஜீப்பில் இருந்த ராசாத்தியக்கா என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டார். நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தவர்கள் இன்னும் நெருங்கி எனக்கு இடம் விட்டார்கள்.

"ஆனையெல்லாம் இல்லண்ணே. உடம்பு குறையத்தான் ஓடுறேன்."

எல்லோரும் திரும்பி என் சுடிதாரைப் பார்த்தார்கள்.

"அதுக்கு டூரிஸ்ட்டுக மாதிரி பளிச்சுன்னு ஒரு பனியன் போட்டுட்டு ஓடலாம்ல. நாங்க பாட்டுக்குப் போயிருப்போம்" என்றார் அக்கா.

நியாயம்தான். கடைவீதியில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு டிஷர்ட்டும் பார்த்துவிட்டேன். ஆனால் வாங்க மனம் வரவில்லை.

எனக்குப் பின்னால் யானை வருகிறது என்று நம்பித்தான் அந்த ஜீப் நின்றது.

நீங்களே சொல்லுங்கள், சுடிதாரிலேயே ஓடட்டுமா?